சந்தைக்கு வரும் மின்சாரம்

கொல்லிமலையில் உள்ள சோளக்காடு சந்தையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அன்னாசி, வாழை, பலா, மிளகு எல்லாம் அங்கே கைமாறுகின்றன. வரத்து மிகுந்தால் விலை இறங்கும், குறைந்தால் ஏறும். விற்காத பலாப்பழம் மறுநாள் வரை காத்திருக்கும். இன்று மின்சாரமும் இதுபோலச் சந்தையில் விற்கப்படுகிறது. ஆனால் மின்சாரம் ஒரு நொடிகூடக் காத்திராது! அதனால்தான் இந்தச் சந்தையை நாம் கவனமாக ஆராய வேண்டியிருக்கிறது.

நீங்கள் மின்விசிறியைப் போடும் கணத்திலேயே, எங்கோ ஒரு மின் நிலையம் அந்த அளவுக்குக் கூடுதலாக உற்பத்தி செய்தாக வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறுவதை எண்ணிப் பாருங்கள். மேடு வந்ததும் ஓட்டுநர் எரிபொருளைக் கூட்டித் தராவிட்டால் வண்டியின் வேகம் குறையும் அல்லவா? மின் நிலையங்களின் சுழலிகளும் அப்படியே. சுமை கூடி, உற்பத்தி கூடாவிட்டால் அவற்றின் வேகம் தளர்கிறது. மின்னோட்டத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து இறங்குகிறது. உற்பத்தி மிஞ்சினால் ஏறுகிறது. நம் நாட்டில் இது 49.90-க்கும் 50.05-க்கும் இடையே இருக்க வேண்டும் என்பது விதி.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்பாதை வழியாகத் தென்னக மின் தொகுப்பு வடக்கோடு இணைந்தது. அன்று முதல் காஷ்மீர் முதல் குமரி வரை அதிர்வெண் ஒன்றே. செம்மேட்டில் எரியும் விளக்கும் தில்லியில் எரியும் விளக்கும் ஒரே தாளத்தில் துடிக்கின்றன!

சரி, சந்தை எப்படி நடக்கிறது? 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் இதற்கு வழி திறந்தது. 2008-இல் மின்சாரப் பரிமாற்றச் சந்தைகள் தோன்றின. ஒரு நாள் 96 கால் மணி நேரங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கால் மணிக்கும் விற்போர் தம் விலையையும் வாங்குவோர் தம் விலையையும் முதல் நாளே தெரிவிக்கிறார்கள். எடுத்துக்காட்டாக, ஒருவர் யூனிட் 3 ரூபாய், இன்னொருவர் 5 ரூபாய், மற்றொருவர் 8 ரூபாய் கேட்கிறார் என்று வையுங்கள். மலிவானதிலிருந்து தொடங்கித் தேவை நிறையும் வரை எடுத்துக்கொள்கிறார்கள். கடைசியாக எடுத்தது 5 ரூபாய்க்காரருடையது என்றால், 3 ரூபாய் கேட்டவருக்கும் 5 ரூபாயே கிடைக்கும். எனவே குறைந்த செலவில் உற்பத்தி செய்பவருக்கே ஆதாயம். 2020 ஜூன் முதல் அரை மணிக்கு ஒரு முறையும் ஏலம் நடக்கிறது. மேகம் மறைத்துச் சூரிய மின்சாரம் குறைந்தால், பற்றாக்குறையை அதில் வாங்கி ஈடு செய்யலாம்.

விலை நல்லதொரு ஆசிரியர் என்பதை நான் மறுக்கவில்லை. முன்பெல்லாம் தென்னகத்தில் அதிர்வெண் 49-க்குக் கீழே இறங்குவது வழக்கமாயிருந்தது. 2003-இல், அதிர்வெண் இறங்க இறங்க, அட்டவணைக்கு மேல் எடுக்கும் மின்சாரத்தின் விலை ஏறும் என்று விதித்தார்கள். மாநிலங்கள் அடக்கத்தோடு நடக்கத் தொடங்கின; நிலைமை பெரிதும் சீர்பட்டது.

ஆனால் விலை மட்டும் போதுமா? 2012 ஜூலை 30, 31 நாட்களை நினைவில் வையுங்கள். வட மாநிலங்கள் சில அட்டவணைக்கு மேல் மின்சாரத்தை இழுத்தன. பீனா–குவாலியர் மின்பாதை துண்டிக்கப்பட்டது. இரண்டாம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் இருண்டன. சுமார் 60 கோடி மக்கள் வாழும் பகுதி அது. அதிக விலை என்ற அச்சம் அன்று காப்பாற்றவில்லை. நொடிகளில் வரும் ஆபத்தைத் தடுப்பவை வேறு: சுழலியின் வேகத்தைத் தானே திருத்தும் கருவிகள், இருப்பில் நிற்கும் மின் நிலையங்கள், சுமையைப் பகிர்ந்தளிக்கும் மையங்களில் இரவும் பகலும் விழித்திருக்கும் பொறியாளர்கள்.

2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு நாடெங்கும் வீட்டு விளக்குகளை அணைத்தபோது, சில நிமிடங்களில் தேவை சுமார் 31,000 மெகாவாட் சரிந்தது. அன்று தொகுப்பைத் தாங்கியவை பெரிதும் நீர்மின் நிலையங்களே. முன்கூட்டித் திட்டமிட்டதால் விபத்து நேரவில்லை.

இனி, கொல்லிமலைக்கு வருவோம். மலை ஓடைகளின் நீரை அடிவாரத்துக்கு இறக்கி 20 மெகாவாட் மின்சாரம் எடுக்கத் தமிழ்நாடு மின்வாரியம் ஒரு திட்டம் வகுத்தது. ஒரு கணக்குப் போடுவோம். 20 மெகாவாட் ஒரு மணி நேரம் ஓடினால் 20,000 யூனிட். வெயில் மிகுந்த நண்பகலில் சந்தை விலை 2.50 ரூபாய் என்றால் 50,000 ரூபாய். மாலையில் விலை உச்சவரம்பான 10 ரூபாயைத் தொட்டால் 2 லட்சம் ரூபாய்! அதே நீர், அதே உயரம், நேரம்தான் வேறு. ஓடை நீரைச் சில மணி நேரமாவது தேக்க முடிந்தால் எவ்வளவு பயன் பாருங்கள்.

ஆனால் இந்தக் கணக்கில் வராதவையும் உண்டு. ஆகாய கங்கை அருவிக்குச் சந்தையில் விலை இல்லை. ஓடையை நம்பும் வயலுக்கும் விலை இல்லை. விலை இல்லாததால் மதிப்பும் இல்லை என்று முடிவு கட்டலாமா? கூடாது. அதை மலைமக்களோடு பேசித்தான் தீர்க்க வேண்டும்.

ஏழைகளுக்கும் இதே நியாயம் பொருந்தும். 2022 மார்ச்சில் சந்தை விலை யூனிட் 20 ரூபாயைத் தொட்டது. ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டு முதலில் 12 ரூபாய், பின்னர் 2023-இல் 10 ரூபாய் என வரம்பு கட்டியது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2021 பிப்ரவரிக் கடுங்குளிரில் விலை விண்ணை முட்டியது. ஆனாலும் உறைந்துபோன மின் நிலையங்களை அந்த விலையால் ஓட்ட முடியவில்லை. சந்தை விலையிலேயே மின்சாரம் வாங்கிய சில குடும்பங்களுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம் வந்தது.

ஆகவே என் கருத்து இதுதான்: சந்தை இருக்கட்டும், மலிவான மின்சாரத்தை அது தேடித் தரட்டும். ஆனால் தொகுப்பின் காவலை விலையிடம் விடக்கூடாது. போதிய இருப்பு நிலையங்களுக்கு முன்னதாகவே செலவிட வேண்டும். பற்றாக்குறை வரும்போது மலைக் கிராமத்தின் கம்பியை முதலில் துண்டிக்கும் எளிய வழியையும் விட்டொழிக்க வேண்டும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு நகரத்திலும் மலையிலும் விளக்கு ஒன்றே அல்லவா?

உங்கள் வீட்டுக்கு மாலை 7 மணிக்கு வரும் மின்சாரம் எந்த நிலையங்களிலிருந்து வருகிறது? ஆசிரியரிடம் கேளுங்கள்; மின்வாரிய அலுவலகத்திலும் கேளுங்கள். நாளை இந்த விதிகளை எழுதப் போகிறவர்கள் நீங்கள்தான்!