பத்துப் பாட்டு

சுந்தரபாண்டியத்தில் உட்கார்ந்து ராக் சங்கீதம் கேட்டேன் என்று சொன்னதும் எங்கள் காரியாலயத்தில் எல்லாரும் சிரித்து விட்டார்கள். "அங்கே தறிச் சத்தம்தானே கேட்கும்?" என்றார் ஒருவர். தறிச் சத்தமும் கேட்டது, மறுக்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் என் அத்தை வீட்டுத் திண்ணையில் நடந்த வாக்குவாதத்துக்கு முன்னால் தறிச் சத்தம் எம்மாத்திரம்!

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஆண்டாள் தேரைப் பார்த்துவிட்டு, கையில் பால்கோவாப் பொட்டலத்துடன் கிருஷ்ணன்கோவில் வழியாகப் பஸ் பிடித்து வந்து இறங்கியிருந்தோம். பெங்களூரிலிருந்து அத்தானும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். அவர்கள் பெண் கல்லூரியில் படிப்பவள். காதில் எப்போதும் எதையோ செருகிக்கொண்டே இருப்பாள். ஓய்வு பெற்ற வாத்தியாரான சின்ன மாமாவும் இருந்தார். அவர் இருக்கும் இடத்தில் வழக்கு இல்லாமல் இருக்குமா?

"இந்த ராக்கு, ரோலு எல்லாம் எங்களுக்குப் புதுசு இல்லை" என்று தொடங்கினார் சின்ன மாமா. "1964-லேயே விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் முடித்துவிட்ட காரியம் அது. 'காதலிக்க நேரமில்லை' பார்த்திருக்கிறாயா? ரவிச்சந்திரன் கூட்டாளிகளோடு பாலையாவிடம் வேலை கேட்டுக் கலாட்டா பண்ணுகிற பாட்டு! அதற்கு மேல் என்ன இருக்கிறது?"

அத்தான் விடுவாரா? அவர் இளையராஜா கட்சி. ஸ்டீரியோவில் பதிவான 1978-ஆம் வருஷத்து 'ப்ரியா', வருஷப் பிறப்புக்கு வருஷப் பிறப்பு ஊரெல்லாம் முழங்கும் 1982-ஆம் வருஷத்து 'சகலகலா வல்லவன்' என்று அடுக்கினார். அவர் மனைவி அதிகம் பேசவில்லை. "'ரோஜா' வந்த 1992-லே நான் பத்தாவது படித்துக் கொண்டிருந்தேன், அதற்கு முன்னால் கேட்டதெல்லாம் எனக்கு மறந்தே போச்சு" என்று ஒரே போடாகப் போட்டார். ரஹ்மான் சினிமாவுக்கு வருமுன் சென்னையில் ராக் குழுவில் கீபோர்டு வாசித்தவர் என்பதையும் சொல்லி, வழக்கில் தம் பக்கத்துக்கு ஒரு சாட்சியும் சேர்த்துக் கொண்டார்.

அந்தப் பெண் காதிலிருந்ததைக் கழற்றினாள். "நீங்கள் எல்லாரும் பாட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். ஆல்பம் என்பது வேறே" என்றாள்.

அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. நம் சினிமா இசைத்தட்டில் எந்தப் பாட்டு முன்னால், எது பின்னால் என்பது பற்றி யாருக்கும் கவலையில்லை. டூயட்டுக்குப் பிறகு சோகம், சோகத்துக்குப் பிறகு குத்து. சீமையில் ஒரு காலத்தில் ராக் தட்டும் இப்படித்தான் இருந்தது. 1967-ல் பீட்டில்ஸ் குழுவினர் 'சார்ஜண்ட் பெப்பர்' தட்டைக் கொண்டு வந்தபோது, பாட்டுகளைக் கோத்து, உறையின் பின்புறம் வரிகளையும் அச்சடித்து, "முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து கேள்" என்று சொல்லாமல் சொன்னார்கள். நமக்கு இது புரியாத சங்கதி அல்ல. கச்சேரியில் வர்ணம் எங்கே, மங்களம் எங்கே என்று நமக்குத் தெரியும். மங்களத்தில் ஆரம்பித்தால் ரசிகர் எழுந்து போய்விட மாட்டாரா?

"அப்படி ஒரு ஆல்பம் தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலேயே இருக்கிறது" என்று அவள் உள்ளே போய் ஒரு கேசட்டைக் கொண்டு வந்தாள்.

மாமா காலமாகி ஆறு வருஷமாகிறது. ராஜபாளையத்தில் நூற்பு மில்லில் வேலை பார்த்தவர். மில்லுக்கு இயந்திரம் பூட்ட வந்த ஓர் இளம் பொறியாளர் சொன்ன சிபாரிசில், 1987-ல் மதுரையில் ஒரு ரிக்கார்டிங் கடையில் கொடுத்துப் பதிவு செய்து வந்த தொண்ணூறு நிமிஷக் கேசட் அது. முதல் பக்கத்தில் பிங்க் ஃப்ளாய்டு என்ற ஆங்கிலேயக் குழுவின் 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்'. கடைக்காரர் அதை 'பிங் பிளாட்' என்று எழுதியிருந்தார். மறு பக்கத்தில் இளையராஜா 1986-ல் தியாகராஜருக்கும் ஜெர்மன் மேதை பாக்குக்கும் சமர்ப்பணமாகக் கொண்டு வந்த 'ஹௌ டு நேம் இட்' தொகுப்பு. சினிமாவே இல்லாமல், வார்த்தையே இல்லாமல், வி. எஸ். நரசிம்மனின் வயலின் பேசுகிற இசை. (இது ராக்கா என்று சின்ன மாமா கேட்டார். அல்ல என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே விஷயம் அன்று அதுதான்.)

சங்கடம் என்னவென்றால், நாடாவில் பூஞ்சை பிடித்திருந்தது. தொண்ணூறு நிமிஷ நாடா, அறுபது நிமிஷ நாடாவைவிட மெல்லியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ரேடியோ பழுது பார்க்கும் ஒருவர் அதைத் துடைத்து, ஒரு பழைய டேப் ரிக்கார்டருக்கு ரப்பர் பெல்ட்டும் மாற்றிக் கொடுத்து, "ஒரு பக்கம் ஒரு தடவை ஓடினால் அதிர்ஷ்டம், அப்புறம் அறுந்தால் என்னைக் கேட்காதீர்கள்" என்று எச்சரித்து அனுப்பியிருந்தார். ஓடும்போதே கம்ப்யூட்டரில் பிடித்துக் கொள்வதாக ஏற்பாடு. எந்தப் பக்கத்தை ஓட்டுவது?

"ராஜா பக்கம்" என்றார் அத்தான். பிறகு அவரே யோசித்து, "இரண்டுமே போனில் கிடைக்கிறது, இதைவிடத் துல்லியமாக. இதைப் போய்க் காப்பாற்றுவானேன்? தூக்கிப் போடலாம்" என்றார். நியாயமான பேச்சு. எங்களுக்குப் பதில் தோன்றவில்லை.

"முதல் பக்கம் போடு" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அத்தை!

எங்களுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மாமா இந்தக் கேசட்டைப் போடும்போதெல்லாம் "ஆரம்பிச்சாச்சா உங்க காட்டுக் கூச்சல்?" என்று அலுத்துக் கொண்டவர் அவர். இப்போது பால்கோவாவைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு வந்து, தூணில் சாய்ந்து உட்கார்ந்து கொண்டார்.

பேத்தி பொத்தானை அமுக்கினாள்.

முதலில் இதயத் துடிப்பு. லப் டப், லப் டப். பிறகு ஒன்றுக்குள் ஒன்றாகப் பாட்டுகள் ஓடின. நடுவில் திடீரென்று பத்துப் பன்னிரண்டு கடிகாரங்கள் ஒரே சமயத்தில் அலறவும், சின்ன மாமா திண்ணையிலிருந்து குதித்தே விட்டார். அத்தை அசையவில்லை. "மில் சங்கு மாதிரி இருக்குன்னு அவர் சொல்லுவார்" என்றார்.

அடுத்து ஒரு பெண் குரல். வார்த்தை ஒன்றும் கிடையாது. ஏறுகிறது, உடைகிறது, கெஞ்சுகிறது, அடங்குகிறது. நம் ஆலாபனைக்கும் ஒப்பாரிக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. எனக்குத் தெரிந்த கதையை அப்போது சொன்னேன். அந்தப் பெண்ணின் பெயர் கிளேர் டோரி. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லண்டன் ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டார்கள். பாட்டும் கிடையாது, மெட்டும் கிடையாது. வாத்தியம் ஓடும், உன் குரலை நீயே செலுத்து என்றார்கள். பாடிவிட்டு முப்பது பவுன் வாங்கிக்கொண்டு போனார். தட்டோ, 1973 முதல் 1988-க்குள் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் மொத்தம் 741 வாரங்கள் நின்றது!

"பேரு போட்டாங்களா?" என்று கேட்டார் அத்தை.

"பாடியவர் என்று போட்டார்கள். பாட்டை ஆக்கியவர்களில் ஒருவர் என்று போடவில்லை. முப்பது வருஷம் கழித்து, 2004-ல், வழக்குப் போட்டார். 2005-ல் சமாதானமாகி, அதற்குப் பிறகு அவர் பெயரையும் சேர்த்துப் போடுகிறார்கள்."

"எவ்வளவு கொடுத்தாங்களாம்?"

"அதை வெளியில் சொல்லவில்லை, அத்தை."

"சொல்லமாட்டாங்க" என்றார் அத்தை, எல்லாம் தெரிந்தவர் போல.

அதற்குள் காசு குலுங்கும் ஓசையுடன் அடுத்த பாட்டு வந்தது. ஏழு எண்ணிக்கை. "அட, மிஸ்ர சாபு!" என்று சின்ன மாமா தொடையில் தட்டி, தகிட தகதிமி போட்டார். நடுவில் கிடார் தனியாகப் பாயும் இடத்தில் தாளம் நாலுக்கு மாறும். சின்ன மாமாவின் கை அங்கே தொலைந்து போயிற்று. அவருக்குப் பின்னால் அத்தையின் விரல்களும் தூணில் தட்டிக்கொண்டிருந்தன. அவை தடுமாறவில்லை. நாலுக்கு மாறி, மறுபடி ஏழுக்குத் திரும்பியபோதும் அச்சுப் பிசகாமல் கூடவே வந்தன. பேத்தி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

பத்தாவது பாட்டும் முடிந்து, ஆரம்பத்தில் கேட்ட அதே இதயத் துடிப்பு மெல்லத் தேய்ந்தது. பேத்தி நிறுத்தக் கையை நீட்டினாள்.

"இரு" என்றார் அத்தை.

கணக்குப் பாருங்கள். கேசட்டின் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிஷம். அந்தத் தட்டு சுமார் நாற்பத்து மூன்று. மிச்சம் இரண்டு நிமிஷ நாடா எல்லாக் கேசட்டிலும் வெறுமனே உஸ்ஸென்று ஓடி முடியும். இதிலும் உஸ் என்றது. பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். ஒரு ஆண் குரல்: "பாடு, டேப்பு ஓடுது." ஒரு பெண் குரல்: "அடுப்பிலே பால் இருக்கு." "பால் பொங்கட்டும், நீ பாடு." கொஞ்சம் சிரிப்பு. அதன் பிறகு ஒரு திருப்பாவைப் பாசுரம்.

முப்பது வயசுக் குரல். கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி நிதானமாக இறங்கி ஏறியது. பூஞ்சையினால் இடையிடையே தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலவும் இருந்தது. இந்தக் குரலை நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. அத்தான் கூடக் கேட்டதில்லை. அத்தை பாடுவார் என்பதே எங்களுக்குத் தெரியாது. பாசுரம் முடிய ஓர் அடி இருக்கையில் நாடா தீர்ந்து, பொத்தான் தானாக மேலே எழும்பிற்று.

மாமா அந்தக் கேசட்டைப் போட்டபோதெல்லாம் அலுத்துக்கொண்டே கடைசி வரை சமையற்கட்டு வாசலில் அத்தை ஏன் நின்றார் என்பது எனக்கு அன்றுதான் விளங்கிற்று. மாமா என்றைக்காவது நிறுத்தாமல் விட்டிருக்கிறாரா என்று கேட்டேன். "என்னைக்குமே நிறுத்த மாட்டார்" என்றார்.

அத்தான் எழுந்து கொல்லைப் பக்கம் போனார். சின்ன மாமா மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுருதி சுத்தமாக இருக்கிறது என்று பொதுவாகச் சொல்லி வைத்தார்.

பேத்தி கம்ப்யூட்டரில் வரிசையாகப் பாட்டுகளின் பெயரை அடித்தாள். பத்து முடிந்ததும் பதினொன்று என்று போட்டு, "ஆச்சி, உங்க பேரை எழுதட்டுமா?" என்று கேட்டாள்.

"எனக்கெதுக்குடி பேரெல்லாம்? போ" என்று அத்தை தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் பாத்திரம் கழுவும் ஓசை கேட்டது. பிறகு உள்ளிருந்தபடியே, "எழுதினா இன்ஷியலோட எழுது. அவர் இன்ஷியல் இல்லை, எங்க அப்பா இன்ஷியல். பாட்டுச் சொல்லிக் கொடுத்தது அவருதான்" என்றார்.