பேரப் பேச்சுக்குச் சாட்சி யார்?

பிளாக்செயின் வியாபாரத்தில் தரகனுக்கே வேலையில்லை என்று பறைசாற்றுகிறார்கள். பணம் கைமாறியதற்கு அந்தப் பொதுக் கணக்கேடு சாட்சி, ஒப்புக்கொள்கிறோம். சரக்கின் தரம், அனுப்பும் தேதி பற்றிப் பேசிய பேச்சுக்கு யார் சாட்சி என்று கேட்கிறோம்.

2016-ல் துவங்கி 2021-ல் மூடப்பட்ட ஓப்பன்பஜார் சந்தையைப் பாருங்கள். மத்தியஸ்தர் வைத்த பேரத்தில், வாங்குபவர், விற்பவர், மத்தியஸ்தர் மூவரில் இருவர் ஒப்பமிட்டால் பணம் வெளிவந்தது. தகராறு வந்தால் ஆதாரம் வேண்டும். பேரத்தை வேறொரு கம்பெனியின் செயலியில் பேசி, எதிராளி அதை அழித்தும்விட்டால் எதைக் காட்டுவது?

கூலிக் கணக்கு முதலாளியின் நோட்டில் மட்டும் இருந்தால் என்ன கதி என்பதைத் தொழிலாளி அறிவான். பேச்சும் அப்படியே. பிரதி இருவர் கையிலும் இருக்கும் வழியையே தேர்ந்தெடுங்கள்!