பழகிய கையைத் தட்டிவிடாதீர்கள்

புறக்கோட்டையில் துணி மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவரின் கடைக்கு சில வருடங்களுக்கு முன்னர் நோன்புப் பெருநாள் சீசனில் போயிருந்தேன். காசாளர் மேசையில் புத்தம் புதிய கணனி இருந்தது. காசாளரோ அதன் பக்கம் திரும்பாமல், கார்பன் தாள் வைத்த பழைய பில் புத்தகத்தில் கையால் பில் எழுதிக் கொண்டிருந்தார். "கம்பியூட்டர் பழுதா?" என்று கேட்டேன். "கம்பியூட்டர் நல்லந்தான் தம்பி. எனக்குத்தான் அது சரிவருதில்ல" என்றார்.

முதலாளியிடம் கேட்டபோது, "வயசு போன மனிசன். புதுசப் பழக விருப்பமில்ல" என்று சலித்துக் கொண்டார். ஆனால் விடயம் அதுவல்ல. அந்தக் காசாளர் பதினெட்டு வருடங்களாகக் கணனியில்தான் பில் போட்டு வந்தவர். முன்பிருந்தது கறுப்புத் திரையில் விசைப்பலகையால் மட்டும் இயங்கும் பழைய மென்பொருள். பொருளின் இலக்கத்தையும் யார் அளவையும் அவரது விரல்கள் தாமாகவே தட்டிவிடும்.

அந்த மென்பொருளில் இன்னொரு வசதியும் இருந்தது. ஒருவரின் பில்லைப் பாதியில் நிறுத்தி வைத்துவிட்டு அடுத்தவருக்குப் பில் போடலாம். வெளியூர்க் கடைக்காரர் ஒருவர் சாரனை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, சட்டைத் துணி பார்க்க மேல்மாடிக்குப் போவார். அவர் திரும்பி வரும்வரை அவரது பில் காத்திருக்கும். மொத்த வியாபாரம் நடப்பதே இப்படித்தான். புதிய மென்பொருளில் இந்த வசதி இல்லை. தொடங்கிய பில்லை முடிக்க வேண்டும், அல்லது அழிக்க வேண்டும். சனம் நிறைந்த கடையில் அந்த மனிதர் பில் புத்தகத்தைத் தூக்காமல் வேறென்ன செய்வார்?

"புதியது வந்தால் பழையதை விட வேண்டியதுதானே" என்று நாம் இலகுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் பாவனையாளர் விட மறுப்பது எதை என்று நாம் கேட்பதில்லை. இந்தக் கேள்வியைக் கேட்காததால் உலகின் மிகப் பெரிய நிறுவனங்களே சறுக்கியிருக்கின்றன.

விண்டோஸ் 8 கற்றுத்தந்த பாடம்

1995ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 95ஐ வெளியிட்டபோது, திரையின் இடது பக்கக் கீழ் மூலையில் 'ஸ்டார்ட்' என்ற பொத்தானை வைத்தது. கணனியில் எந்த வேலையைத் தொடங்குவதற்கும் அதுவே வாசலாயிற்று. பதினேழு வருடங்களாகக் கோடிக்கணக்கான மக்களின் கை தானாகவே அந்த மூலைக்குப் போகப் பழகியது.

2012 ஒக்டோபர் 26ஆம் திகதி விற்பனைக்கு வந்த விண்டோஸ் 8இல் அந்தப் பொத்தான் இல்லை. அதற்குப் பதிலாகத் திரை முழுவதும் வர்ணச் சதுரங்கள். கணனியை நிறுத்துவதற்குக்கூட, சுட்டியைத் திரையின் வலது மூலைக்குக் கொண்டுபோய், அங்கே தோன்றும் பட்டியில் 'செட்டிங்ஸ்' என்பதை அழுத்தி, அதற்குள் இருக்கும் பொத்தானைத் தேட வேண்டியிருந்தது.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. 2010இல் அப்பிள் நிறுவனத்தின் ஐபேட் வந்த பின்னர், விரலால் தொட்டு இயக்கும் கருவிகளின் பக்கம் சந்தை சாய்ந்தது. மேசைக் கணனிக்கும் தொடுதிரைக்கும் ஒரே முகத்தைக் கொடுத்துவிட மைக்ரோசொப்ட் விரும்பியது. நிறுவனத்தின் தேவை அது. அலுவலகத்தில் விசைப்பலகையோடும் சுட்டியோடும் கணக்கு எழுதுபவருக்கு அந்தத் தேவை இருக்கவில்லை. அவர் தன் வாசலை இழந்தார், பதிலுக்கு அவருக்குக் கிடைத்தது மிகக் குறைவு.

வெளியீட்டிற்கு முன்னரே பரீட்சார்த்தப் பதிப்புகளைப் பாவித்தவர்கள் இதைச் சொன்னார்கள். நிறுவனம் கேட்கவில்லை. விளைவு என்ன? இழந்த பொத்தானைத் திரும்பக் கொண்டுவருவதற்கென்றே வேறு ஆட்கள் சிறு மென்பொருட்களைச் செய்தார்கள். சிலர் இலவசமாகக் கொடுத்தார்கள், சிலர் ஐந்து டொலர் அளவில் விற்றார்கள். பறிக்கப்பட்டதைத் திரும்ப வாங்க மக்கள் காசு கொடுத்தார்கள் என்றால் பாருங்கள்! பெரிய கம்பனிகள் பல விண்டோஸ் 7ஐ விட்டு அசையவில்லை. 2014 ஜனவரியில் எச்.பி. நிறுவனம், வாடிக்கையாளர்கள் கேட்டதற்கிணங்க மீண்டும் தருகிறோம் என்று சொல்லியே விண்டோஸ் 7 கணனிகளை விளம்பரம் செய்தது.

கடைசியில் மைக்ரோசொப்ட் இறங்கி வந்தது. 2013 ஒக்டோபரில் வந்த 8.1 பதிப்பில் பொத்தான் திரும்பியது. 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10இல் முழுப் பட்டியலும் திரும்பியது. பெயரில் கூட 9ஐத் தாண்டித்தான் நிறுவனம் முன்னே போயிற்று!

கணக்குப் புத்தகம் சொல்லாதது

இதில் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. ஸ்டார்ட் பட்டியலின் பாவனை குறைந்து வருகிறது என்று மைக்ரோசொப்ட் தன்னிடமிருந்த தரவுகளைக் காட்டியே வாதிட்டது. அந்தத் தரவு பொய்யல்ல. ஆனால் ஒரு வசதி எத்தனை தடவை பாவிக்கப்படுகிறது என்பதைத்தான் எண்ணிக்கை சொல்லும். அது இல்லாவிட்டால் மனிதன் எவ்வளவு தடுமாறுவான் என்பதைச் சொல்லாது.

துணிக்கடையில் நூல்பந்தும் ஊசியும் பொத்தானும் விற்று என்ன இலாபம் வரும்? கணக்குப் புத்தகத்தைப் பார்த்து, "இது ஓடாத சாமான், எடுத்துவிடு" என்று சொல்லிவிடலாம். ஆனால் தையல்காரப் பெண் உங்கள் கடைக்கு வருவதே துணியையும் அதற்குப் பொருத்தமான நூலையும் ஒரே இடத்தில் வாங்கலாம் என்பதற்காகத்தான். நூலை எடுத்தால் துணியும் போய்விடும். அது ஏன் போனது என்பதைக் கணக்குப் புத்தகம் ஒருபோதும் சொல்லாது.

அப்படியென்றால் எதையும் மாற்றவே கூடாதா? அப்படியல்ல. 2016 செப்டெம்பரில் அப்பிள் நிறுவனம் ஐபோன் 7இலிருந்து காதுக்கருவி செருகும் துவாரத்தை நீக்கியபோதும் பெரும் கூச்சல் எழுந்தது. ஆனால் பழைய காதுக்கருவியைப் பாவிப்பதற்கான இணைப்பியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுத்தார்கள். அந்த வருட முடிவுக்குள் கம்பியில்லாக் காதுக்கருவியும் விற்பனைக்கு வந்தது. ஐபோனில் அந்தத் துவாரம் திரும்பவேயில்லை. கேலி செய்த போட்டி நிறுவனமே பின்னர் அதே வழியில் போனது.

அதே 2016இல் அதே அப்பிள், தன் மெக்புக் ப்ரோ மடிக்கணனியிலிருந்து கெமரா அட்டை செருகும் இடத்தையும், திரைகளை இணைக்கும் எச்.டி.எம்.ஐ. துவாரத்தையும் எடுத்தது. அதை வாங்கியவர்களில் புகைப்படக்காரரும் வீடியோ தொழில் செய்பவரும் ஏராளம். ஒவ்வொரு நாளும் அவர்கள் இணைப்பிகளைச் சுமந்து திரிந்தார்கள். ஐந்து வருடங்களின் பின் 2021இல் இரண்டும் திரும்பி வந்தன.

என் பார்வையில் வித்தியாசம் இதுதான்: பாட்டுக் கேட்பவருக்கு ஒரு பாலம் போடப்பட்டது, மறுகரையில் நல்லதொன்றும் இருந்தது. தொழில் செய்பவருக்கோ அவரது அன்றாட வேலைக்கு நடுவே குழி தோண்டப்பட்டது.

நாம் செய்ய வேண்டியது என்ன?

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. ஆகவே கணனியையும் பில் போடும் மென்பொருளையும் மாற்றும் தேவை எம்மவர் கடைகள் பலவற்றிற்கு வந்திருக்கிறது. மாற்றுவதற்கு முன் மூன்று விடயங்களை யோசியுங்கள்.

முதலாவது, விற்பனைப் பிரதிநிதி மென்பொருளைக் காட்ட வரும்போது முதலாளி மட்டும் உட்கார்ந்து பார்க்கக் கூடாது. நாளாந்தம் அதில் வேலை செய்பவரை முன்னால் இருத்துங்கள். திரும்பி வந்த சாமான், திரும்பிய காசோலை, பாதியில் நிற்கும் பில், கடன் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுபவர் என்று, எப்போதாவது வரும் வேலைகளையும் அவரைக் கொண்டே செய்து பார்க்கச் சொல்லுங்கள். இடறும் இடம் அங்கேதான் இருக்கும்.

இரண்டாவது, சீசனில் மாற்றாதீர்கள். வியாபாரம் மந்தமான மாதமொன்றைத் தெரிவு செய்யுங்கள். ஒரு மாதத்திற்காவது பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும். இரட்டை வேலைதான், ஆனால் சனத்தின் முன்னால் தடுமாறுவதை விட அது மலிவு.

மூன்றாவது, முறைப்பாடுகளைத் தரம் பிரியுங்கள். "எனக்கு இது பிடிக்கவில்லை" என்பது இரண்டு கிழமையில் ஆறிவிடும். "எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை" என்பது சொல்லிக் கொடுத்தால் தீரும். "இந்த வேலையை இதில் செய்யவே முடியாது" என்பது மட்டும் நாள் போனாலும் தீராது. நாம் பெரும்பாலும் மூன்றையும் ஒன்றாகப் போட்டு, "பழக்கமில்லாததால் சொல்கிறார்கள்" என்று தள்ளிவிடுகிறோம். மூன்றாவது குரல் வந்தால் மென்பொருள்காரரை அழைத்துத் திருத்தச் சொல்லுங்கள். காசு கொடுப்பவர் நீங்கள்.

இதே அளவுகோலை உங்கள் வாடிக்கையாளருக்கும் பாவியுங்கள். இருபது வருடமாகத் தொலைபேசியில் ஓடர் சொன்னவரிடம், "இனி அப்ளிகேஷனில்தான் போட வேண்டும்" என்று ஒரே நாளில் சொன்னால், அவர் உங்களோடு சண்டை பிடிக்க மாட்டார். பேசாமல் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். ஊழியராவது முறைப்பாடு சொல்வார். வாடிக்கையாளர் அதையும் சொல்லமாட்டார்.

நண்பரின் கடைக்கு வருவோம். அன்று கடை பூட்டிய பிறகும் அந்தக் காசாளர் கையால் எழுதிய பில்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கணனியில் பதிந்து கொண்டிருந்தார். "பதினெட்டு வருசம் என்ட பில்லுல பிழை வந்ததில்ல தம்பி. இப்ப ஒரு நாளைக்கு எத்தினை பிழை. பெருநாள் முடிய நிண்டுட்டு வீட்ட போகலாம்னு யோசிக்கிறன்" என்றார். அதைக் கேட்டபோதுதான் முதலாளியின் முகம் மாறியது. பெருநாள் கழிந்த பின் மென்பொருள் செய்தவர்களை வரவழைத்து, பில்லை நிறுத்தி வைக்கும் வசதியைச் சேர்க்க வைத்தார். அவர்களுக்கு அது பெரிய வேலையாக இருக்கவில்லை. யாரும் கேட்காததால்தான் அதுவரை செய்யாமல் இருந்திருக்கிறார்கள்.

காசாளர் இன்றும் அதே மேசையில்தான் இருக்கிறார். புதிய மென்பொருளையும் பழகிக் கொண்டார். அவர் கேட்டதெல்லாம் அந்த ஒரு வசதியை மட்டும்தான்.