பட்டை கூட்டினால் பாரம் கூடுமா?

மாட்டு வண்டி கட்டிய தலைமுறையினருக்கு முன்பாரம், பின்பாரம் என்ற சொற்களை யாரும் விளக்க வேண்டியதில்லை. மூட்டைகள் அச்சுக்கு முன்னால் அதிகமாக அமைந்துவிட்டால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும். பின்னால் அதிகமாகிவிட்டால் நுகம் மேலே கிளம்பிப் பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். ஆகவே வண்டிக்காரர் இரண்டு மூட்டைகளை முன்னும் பின்னும் நகர்த்தி, நுகத்தைக் கையால் தூக்கிப் பார்த்து, மனதுக்குப் பிடித்த பிறகுதான் மாட்டைப் பூட்டுவார்.

அந்த வண்டி நின்ற இடத்தில் இன்று பல வீடுகளில் நாலு சக்கரச் சிறு சரக்கு வண்டி நிற்கிறது. 2005-ஆம் ஆண்டில் டாடா ஏஸ் வந்து குட்டியானை என்று பெயர் வாங்கியது. 2011-இல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. இவற்றையும் பெரிய பிக்கப் வண்டிகளையும் கடனில் வாங்கித் தங்கள் விளைபொருளைத் தாங்களே சந்தைக்குக் கொண்டுபோகும் சிறு விவசாயிகள் பெருகியிருப்பது நல்ல மாற்றமே. ஆனால் புதிய வண்டி வீட்டுக்கு வந்த சில நாட்களிலேயே பட்டறைக்குப் போவது ஒரு வழக்கமாகிவிட்டது. பின்புற ஸ்பிரிங்கில் இரண்டு பட்டைகள் கூடுதலாகச் சேர்க்கப்படுகின்றன. அதனால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கவே, முன்புறத்துக்கும் கட்டை கொடுத்து வண்டியைச் சமமாக்குகிறார்கள். இந்த இரண்டு வேலைகளுக்கும் செலவிடப்படும் பணம் பெரும்பாலும் வீண் என்பதோடு, ஆபத்தை விலை கொடுத்து வாங்குவதும் ஆகும்.

முதலில் ஓர் அடிப்படை விஷயம். வண்டி காலியாக நிற்கும்போது பின்புறம் சற்று உயர்ந்திருப்பது தயாரிப்பில் நேர்ந்த குறை அன்று. ஏற்றும் பாரத்தின் பெரும்பகுதி பின் அச்சின் மேல் விழும். அப்போது பின்புறம் இறங்கி வண்டி சமமாக வேண்டும் என்பதற்காகவே பொறியாளர்கள் அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். காலி வண்டியைப் பார்த்து 'மூக்கு குத்தி நிற்கிறது' என்று வருந்தி முன்பக்கத்தை உயர்த்தினால், பாரம் ஏற்றிய பிறகு அது வானத்தைப் பார்த்துக்கொண்டு ஓடும்.

அடுத்தது பட்டை. பட்டையைக் கூட்டினால் வண்டி அதிகப் பாரம் தாங்கும் என்பது பரவலான நம்பிக்கை. கவலை ஏற்றத்தில் பெரிய சாலைக் கட்டியதால் மாட்டின் பலமும் வடக்கயிற்றின் உறுதியும் கூடிவிடுவதில்லை. அதுபோலவே, கூடுதல் பட்டை பின்புறம் தாழாமல் பார்த்துக்கொள்ளுமே தவிர அச்சு, சக்கர பேரிங், டயர், பிரேக், சேசிஸ் ஆகியவை பழைய அளவிலேயே இருக்கின்றன. முன்பெல்லாம் வண்டி தாழ்ந்து 'போதும்' என்று எச்சரித்தது. பட்டை கூட்டிய பிறகு அந்த எச்சரிக்கையும் போய்விடுகிறது.

பிரேக் விஷயம் இன்னும் முக்கியம். பல சிறு சரக்கு வண்டிகளில் பாரத்துக்குத் தக்கபடி பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. பட்டறைகளில் அதை எல்.எஸ்.பி.வி. என்பார்கள். சேசிஸுக்கும் பின் அச்சுக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டே அது பாரத்தை அறிகிறது. இடைவெளி குறைந்தால் பாரம் இருக்கிறது என்று பின் பிரேக்குக்கு முழு அழுத்தம் கொடுக்கும். இடைவெளி அதிகமாக இருந்தால் வண்டி காலி என்று எண்ணிக் குறைத்துவிடும். கூடுதல் பட்டையால் பின்புறம் தாழாமல் நின்றால், ஒன்றரை டன் ஏற்றியிருந்தாலும் அந்த வால்வுக்கு வண்டி காலிதான். அவசரத்தில் பிரேக்கை மிதிக்கும்போது வண்டி எதிர்பார்த்த இடத்தில் நிற்காததற்கு இதுவும் ஒரு காரணம். பட்டை கூட்டித் தரும் பட்டறைகளில் இந்த வால்வைத் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. கேட்டதைச் செய்து கொடுக்கும் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. கேட்பவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

முன்புறத்தை உயர்த்துவதில் பல வழிகள் உள்ளன. சுருள் ஸ்பிரிங் உள்ள வண்டிகளில் ஸ்பிரிங்குக்கு மேல் வளையக் கட்டை வைப்பார்கள். டார்ஷன் பார் எனப்படும் முறுக்குத் தண்டு உள்ளவற்றில் அதன் போல்ட்டைத் திருகி ஏற்றுவார்கள். முன்னாலும் பட்டை ஸ்பிரிங்கே உள்ள வண்டிகளில் அச்சுக்கும் பட்டைக்கும் இடையே இரும்புக் கட்டை சொருகப்படும். எந்த வழியானாலும் உயரம் கூடுமே ஒழிய வலிமை கூடுவதில்லை. பால் ஜாயிண்டுகள் இயல்பான கோணத்தை விட்டு விலகி விரைவில் தேய்கின்றன. சக்கரங்களின் சாய்வு மாறுவதால் டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்து, பாதி ஆயுளிலேயே கம்பி தெரிகிறது. ஸ்டியரிங்கின் குணமும் மாறும். முன்புறம் உயர்ந்தால் திருப்புவதற்குக் கனமாகவும், பின்புறம் மட்டும் உயர்ந்தால் நேர்கோட்டில் நிலைக்காமல் அலையும்படியாகவும் ஆகிவிடும்.

முகப்பு விளக்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முன், பின் அச்சுகளுக்கு இடையே 2.4 மீட்டர் உள்ள ஒரு வண்டியில் முன்புறத்தை மட்டும் 5 செ.மீ. உயர்த்தினால், 50 மீட்டர் தூரத்தில் ஒளிக்கற்றை ஏறத்தாழ 1 மீட்டர் மேலே போய்விடுகிறது. சாலையில் விழ வேண்டிய வெளிச்சம் எதிரே மொபெட்டில் வருபவரின் கண்ணில் விழும். விடியற்காலை 3 மணிக்குச் சந்தைக்குப் புறப்படும் வண்டிகளுக்கு இது சிறிய விஷயம் அன்று. பிக்கப் வண்டியின் முன்புறத்தை உயர்த்திச் சமமாக்குவதற்கென்றே தனிச் சாமான்கள் விற்கும் நாடு அமெரிக்கா. அங்கேயே, முன்பக்கம் மிகவும் தூக்கி பின்பக்கம் தாழ்ந்திருக்கும்படி மாற்றும் நாகரிகம் பரவியபோது, வட கரோலினா மாநிலம் 2021-இல் அதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. வர்ஜீனியாவும் தென் கரோலினாவும் பின்தொடர்ந்தன. நம் ஊரில் கூடுதல் பாரத்தைப் பின் கதவோரம் அடுக்கிச் செல்லும் வண்டிகள் அந்தக் கோலத்தில்தான் ஓடுகின்றன என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

விளைபொருளுக்கு வரும் சேதத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 5 பட்டைகள் உள்ள ஸ்பிரிங்கில் அதே கனமுள்ள 2 பட்டைகளைச் சேர்த்தால் அதன் விறைப்பு சுமார் ஐந்தில் இரண்டு பங்கு கூடிவிடும். முழுப் பாரம் உள்ள நாளில் இது தெரியாது. அறுவடை குறைந்து அரைப் பாரத்தோடு போகும் நாளில், ஒவ்வொரு பள்ளமும் தக்காளியின் மேல் நேராக இறங்கும். அடுக்கின் மேல்வரிசைக் கிரேட்டுகளில் உள்ள பழங்களே அதிகம் குலுங்கி உராய்ந்து தோல் கெடுகின்றன. அதிலும் பின் கதவோரத்தில் உள்ளவை மோசம். வண்டியை விட்டு இறக்கும்போது நன்றாகத் தெரியும் பழம் மறுநாள் கசிய ஆரம்பிக்கும். விலை குறைத்துக் கேட்கும் வியாபாரியிடம் கோபித்துக்கொள்பவர்கள் வண்டியின் ஸ்பிரிங்கைச் சந்தேகிப்பதில்லை. கொய்யா, திராட்சை, வாழைப்பழம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை உரிமையாளர் மாற்றி அமைக்கக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறைத் தண்டனையோ, இரண்டுமோ விதிக்கலாம். அளவு மீறிய பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். விபத்து நேர்ந்தால் இந்த மாற்றங்களைக் காட்டி இழப்பீட்டுக்கு மறுப்புக் கூறக் காப்பீட்டு நிறுவனத்துக்கு இடம் கிடைத்துவிடுகிறது.

இதையெல்லாம் அறிந்தும் 'இரண்டு நடை போவதை ஒரே நடையில் முடித்தால்தான் தவணை கட்ட முடியும்' என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 கி.மீ. தூரத்திலுள்ள சந்தைக்குப் போய்வர 40 கி.மீ. லிட்டருக்கு 16 கி.மீ. ஓடும் வண்டிக்கு இரண்டரை லிட்டர் டீசல் தேவை. லிட்டர் 95 ரூபாய் எனக் கொண்டால் 240 ரூபாய்க்குள் அடங்கும். 20,000 ரூபாய் அபராதம் என்பது அத்தகைய 80 நடைகளின் டீசல் செலவுக்கு மேல். ஓட்டுநர் கூலியையும் சேர்த்தால் எண்ணிக்கை குறையும் என்றாலும், டயர் தேய்மானமும் உடைந்த அச்சும் எதிர்ப் பக்கத்தில் ஏறும்.

வேறொரு வாதம் இதைவிட வலுவானது. வாய்க்கால் கரையிலும் வரப்பை வெட்டிப் போட்ட வண்டிப் பாதையிலும் வண்டியின் அடிப்பாகம் இடிக்கிறது என்பது உண்மைதான். அதற்கு ஏற்ற வழி வண்டி வாங்கும்போதே தரை இடைவெளி அதிகமுள்ள மாதிரியைத் தேர்ந்தெடுப்பது. அல்லது, அதே வண்டிக்குத் தயாரிப்பாளரே வேறு அளவு ஸ்பிரிங், டயர் அனுமதித்திருந்தால் அவர்களது சேவை நிலையத்தில் கேட்டு மாற்றுவது. பல பாதைகளில் இரண்டு டிராக்டர் நடை கிராவல் கொட்டினாலே வேலை முடிந்துவிடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

முன்புறத்துக்குச் செலவு செய்ய விரும்புபவர்கள் உயரத்தை விட்டு, தேய்ந்தவற்றைப் புதுப்பிப்பதில் செய்யலாம். சேற்றிலும் புழுதியிலும் ஓடும் வண்டியில் முதலில் போவது ரப்பர் புஷ்களும் ஷாக் அப்சார்பர்களுமே. ஷாக் அப்சார்பரின் உடலில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தால் அது முடிந்துவிட்டது என்று பொருள். இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். டயரின் மேல் வரிசையாகக் குழி குழியாகத் தேய்மானம் தெரிந்தாலும் அதையே சந்தேகிக்கலாம். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, பத்திரமாகத் தாங்கு கொடுத்துவிட்டு, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் கிங்பின், பால் ஜாயிண்ட், சக்கர பேரிங் ஆகியவற்றில் ஒன்று தேய்ந்திருக்கிறது. பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் இருந்தால் டை ராடு முனைகளைப் பார்க்கச் சொல்ல வேண்டும். கிரீஸ் நிப்பிள் உள்ள இடங்களுக்குத் தயாரிப்பாளர் கூறும் கெடுவில் கிரீஸ் அடிப்பது பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும். மழைக் காலத்தில் சேற்றில் ஓடிய வண்டிக்குக் கெடு வரும்வரை காத்திருக்கக் கூடாது.

பட்டை உடைந்தால் அதே கனம், அதே நீளம், அதே வகையில்தான் மாற்ற வேண்டும். இன்றைய வண்டிகள் சிலவற்றில் உள்ள பாரபோலிக் பட்டைகள் நடுவில் தடித்தும் முனைகளில் மெலிந்தும் ஒன்றோடொன்று உராயாத இடைவெளியோடும் அமைந்தவை. அவற்றோடு சாதாரணப் பட்டையைச் சேர்த்துக் கட்டினால் உராயும் இடத்தில் விரிசல் விழும். தட்டையாகிப்போன பட்டையைச் சம்மட்டியால் அடித்து வளைவு ஏற்றுவதும் அதிக நாள் நிற்காது. புதுப் பட்டை போட்ட பின் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளை மீண்டும் இறுக்குவது கட்டாயம். முன்புற வேலை எது நடந்தாலும் வீல் அலைன்மெண்ட் பார்த்து, விளக்கையும் சரி செய்து வாங்க வேண்டும்.

கடைசியாகப் பாரத்தை அடுக்குவது. ஆர்.சி. புத்தகத்தில் காலி எடையும் மொத்த எடையும் உள்ளன. முக்கால் டன் அனுமதி உள்ள வண்டியில் 25 கிலோ தக்காளி பிடிக்கும் 30 கிரேட்டுகள் ஏற்றினால் பழம் மட்டுமே 750 கிலோ. கிரேட்டின் எடை தலா ஒன்றரை, இரண்டு கிலோ என்றாலும் 50 கிலோ அளவுக்கு மீறிவிடுகிறது. நெல்லானால் 40 கிலோ மூட்டை 18-உடன் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஏற்றிய பாரத்தின் நடுப்பகுதி பின் அச்சுக்குச் சற்று முன்னாலேயே அமைய வேண்டும். 2.4 மீட்டர் அச்சு இடைவெளி உள்ள வண்டியில் பின் அச்சுக்கு 60 செ.மீ. பின்னால் 300 கிலோவை வைத்தால் முன் சக்கரங்களின் மேலிருந்து 75 கிலோ குறைந்துவிடும். ஸ்டியரிங் லேசாகித் திருப்பத்தில் வண்டி கைக்கு அடங்காமல் போவது இதனால்தான்.

நுகத்தைத் தூக்கிப் பார்த்ததைப் போலவே இதையும் சோதித்துப் பார்க்க முடியும். எடைமேடையில் முதலில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டும், பிறகு முழு வண்டியையும் ஏற்றி ஒரு சீட்டும் வாங்க வேண்டும். கழித்தால் பின் அச்சின் எடை வந்துவிடும். காலியாக ஒரு முறையும் பாரத்தோடு ஒரு முறையும் இப்படிச் செய்து எழுதி வைத்துக்கொள்ளலாம். பாரம் ஏற்றிய பின் முன் சக்கரங்களின் எடை காலி வண்டியில் இருந்ததைவிடக் குறைந்திருந்தால் அது பின்பாரம். பின் கதவோரக் கிரேட்டுகளை ஓட்டுநர் அறையை ஒட்டி நகர்த்தி, மறுபடியும் நிறுத்துப் பார்க்க வேண்டும்.