தொட்டால்தான் ஷாக்கா?

"மேலே போகிற கம்பியைத் தொட்டால்தானே ஷாக் அடிக்கும்? நாம்தான் தொடப் போவதில்லையே!" அரியலூர் வழியாகப் போகும் கார்டு லைன் ரயில் பாதையை ஒட்டிய ஊர்களில் இந்தப் பேச்சு சர்வசாதாரணம். படித்தவர்களும் கூசாமல் சொல்கிறார்கள். தண்டவாளத்தோரத்தில் இதைவிட ஆபத்தான நம்பிக்கை வேறில்லை.

வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். ரயில் கம்பியில் இருப்பது 25,000 வோல்ட். அந்த அழுத்தத்தில் மின்சாரம் ஆள் வந்து தொடட்டும் என்று காத்திருக்காது. நெருங்கினாலே காற்றின் வழியே பாய்ந்துவிடும். சப்ளையை நிறுத்தாமல் கம்பிக்கு 2 மீட்டருக்குள் போகக் கூடாது என்று ரயில்வே தன் ஊழியர்களுக்கே விதி வைத்திருப்பது அதனால்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கம்பியின் உயரம் சுமார் ஐந்தரை மீட்டர். நிலக்கரி ஏற்றும் திறந்த வேகனின் உயரம் மூன்று மீட்டருக்கும் மேல். அதன் விளிம்பில் ஐந்தரை அடி ஆள் ஏறி நின்றால் தலைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு மீட்டர்கூடத் தேறாது. செல்ஃபி எடுக்கக் கையைத் தூக்கினால் அதுவும் போயிற்று.

இதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள். "காக்கா உட்காருகிறதே?" காக்கை கம்பியில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது, வேகன்மேல் நிற்பவர் பூமியோடு இணைந்த இரும்பின்மேல் நிற்கிறார். "ரப்பர் செருப்பு போட்டிருக்கிறேனே?" 25,000 வோல்ட்டுக்கு ரப்பர் செருப்பு ஒரு பொருட்டே அல்ல. "வண்டிதான் சும்மா நிற்கிறதே, இன்ஜின்கூட இல்லையே?" வண்டி வந்தாலும் வராவிட்டாலும் கம்பியில் மின்சாரம் இருக்கும்.

"தரையோடு தரையாக மூன்றாவது தண்டவாளத்தில் மின்சாரம் விட்டால்தான் ஆபத்து, நமக்குத்தான் மேலே இருக்கிறதே" என்கிறவர்களும் உண்டு. பாதி உண்மை. கொல்கத்தா மெட்ரோ 1984 முதல் மூன்றாவது தண்டவாள மின்சாரத்தில்தான் ஓடுகிறது. பெங்களூரு, கொச்சி மெட்ரோக்களும் அப்படியே. அங்கே 750 வோல்ட்தான் என்றாலும் உயிரைக் குடிக்க அது போதும். ஆனால் அந்தப் பாதைகள் பெரும்பாலும் சுரங்கத்திலோ தூண்கள்மேலோ போகின்றன. வெளியாள் கால்வைக்க வழியில்லை. ஆடுமாடு குறுக்கே போகும், லெவல் கிராசிங் உள்ள நம் பாதைக்கு அது சரிவராது. அதோடு, ஆயிரக்கணக்கான டன் சரக்கை இழுக்கும் சக்தியை 750 வோல்ட்டில் கொடுக்க ஏகப்பட்ட ஆம்பியர் வேண்டும். சில கிலோமீட்டருக்கு ஒரு துணை மின்நிலையம் கட்ட வேண்டும். கம்பியை மேலே இழுத்தது சரியான முடிவுதான். ஆனால் அந்த உயரம் கீழே நடப்பவருக்கான பாதுகாப்பு. மேலே ஏறுகிறவருக்கு அல்ல.

ஊரில் ரயில் நிலையமே இல்லாத பெரம்பலூர்க்காரருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். பருத்தி, மக்காச்சோள லோடும் போர்வெல் லாரியும் ரயில்வே கேட்டைத் தாண்டித்தானே போகின்றன? கேட்டுக்கு முன்னால் 4.67 மீட்டரில் நிற்கும் இரும்புத் தடுப்பு டிரைவரை வம்புக்கிழுக்க வைத்ததல்ல. லோடு அதில் இடித்தால் குறைக்க வேண்டியது லோடைத்தான்.

அரியலூர், பெரம்பலூர் ஆகிய இரு மாவட்டப் பள்ளிகளிலும் காலைக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி அந்த 2 மீட்டர் விதியைச் சொல்லிக்கொடுங்கள். தண்டவாளத்தோரம் தழை ஒடிக்கிறவர்களிடம் இரும்புத் தொரட்டியை நீட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். நிற்கிற வேகன்மேல் எந்தப் பிள்ளை ஏறினாலும், யார் வீட்டுப் பிள்ளையோ என்று போகாமல், அதட்டி இறக்குங்கள். கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல், பிறரையும் விடாமல், உடனே 139-ஐ அழையுங்கள்.