உரிமம் மாற்றுதல் தகுமோ?

சேலத்தினின்று நாமக்கல் நோக்கிச் செல்லும் பெருவழியில் அமைந்தது எம் ஊராகிய புதுச்சத்திரம். வழிப்போக்கர் தங்குதற்கென எழுப்பிய அறநிலையமே சத்திரம் என்பதை யாவரும் அறிவர். ஒருவர் நிலம் ஈய, ஒருவர் மரம் ஈய, பலர் உழைப்பை ஈய, ஒரு சத்திரம் எழுந்ததெனக் கொள்வோம். வருவோர் எவரும் தங்கலாம் என்பது அதன் கட்டளை. ஆண்டு பல கழிந்தபின் அக்கட்டளையை மாற்ற நிருவாகி விரும்புவாராயின், அவர் யாரைக் கேட்டல் வேண்டும்? எக்காரணம் பற்றி மாற்றலாம்? இவ்வினா, பலர் கூடி ஆக்கிப் பொதுவில் வைத்த மென்பொருளுக்கும் உரியதாகும்.

இதனை யாம் எண்ண நேர்ந்த காரணம் சிறிது. சென்ற ஆண்டு மாணவர் மலரொன்றை யாமே கணினியிற் கோத்து அச்சகத்திற்குக் கொண்டு சென்றோம். அங்கிருந்த முதியவர், அம்மலரில் ஆண்ட எழுத்துருவை அச்சிற் பயன்படுத்த உரிமை பெற்றீரோ என்று வினவினார். யாம் மறுமொழியின்றி நின்றோம். தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் யாம், அத்தமிழைத் தாங்கிவரும் எழுத்தின் வடிவம் யாருடையது என்று ஒருநாளும் கேட்டிலேம்! நாணமுற்று, அன்றிரவே எழுத்துருக்களின் உரிமங்களைப் படிக்கத் தொடங்கினோம். அவற்றுள் ஒன்றன் வரலாற்றை ஈண்டுக் கூறுவோம்.

மென்பொருளைப் பிறர் எவ்வாறு ஆளலாம் என வரையறுக்கும் பத்திரமே உரிமம். கட்டற்ற மென்பொருளின் உரிமமோ, பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் எவர்க்கும் இசைவளிப்பது. இத்தகைய உரிமங்களுட் பெயர்பெற்றது குனு பொது உரிமம். ஒன்றனைத் திருத்தி வெளியிடுவோர் தம் திருத்தத்தையும் அதே உரிமத்தின்கீழ் வழங்கல் வேண்டும் என்பது அதன் உயிர்நிலை.

ரெட் ஹேட் நிறுவனம் 2004 ஆம் ஆண்டில் லோகித் என்னும் பெயரால் இந்திய மொழிகட்குரிய எழுத்துருக்களை வெளியிட்டது. தமிழும் அம்மொழிகளுள் ஒன்று. அவற்றிற்குக் குனு உரிமமே அளிக்கப்பட்டது. ஆயின் எழுத்துரு ஏனைய மென்பொருள் போன்றதன்று. ஆவணமொன்றை அனுப்புங்கால், பெறுவோர் கணினியிலும் எழுத்துப் பிறழாதிருத்தற்பொருட்டு எழுத்துருவையும் அதனுட் பொதிந்து அனுப்புவர். அங்ஙனம் பொதிந்தால் அவ்வாவணத்திலுள்ள கட்டுரையும் கவிதையும் அவ்வுரிமத்துக்கு உட்பட்டுவிடுமோ என்னும் ஐயம் எழும். இது வீண் ஐயமன்று; எழுத்துருவுக்கு இவ்வுரிமத்தை அளிப்போர் தனி விதிவிலக்கொன்றைச் சேர்த்துக்கொள்ளலாம் என, அவ்வுரிமத்தை வெளியிடும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையே வழிகாட்டியுள்ளது.

2011 ஆம் ஆண்டில் லோகித் எழுத்துருக்கள் திறந்த எழுத்துரு உரிமத்திற்கு மாறின. எழுத்துருவைக்கொண்டு ஆக்கிய ஆவணம் தன் கட்டுக்குட்படாது என இவ்வுரிமம் ஐயமற உரைக்கின்றது. எழுத்துருவை மட்டும் தனியே விற்றலைத் தடுக்கின்றது. திருத்திய வடிவத்தையும் அதே உரிமத்தின்கீழ் வழங்குக என்கின்றது. 1578 ஆம் ஆண்டிற் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சேறிய காலந்தொட்டு நெடுங்காலம், ஈய அச்சு வைத்திருந்தோரே தமிழை அச்சிட வல்லராயிருந்தனர். இன்றோ சிற்றூர் மாணவனும் ஒரு நூலைக் கோத்து வெளியிடலாம். அவன் நெஞ்சத்து அச்சத்தை நீக்குவதும், பொதுவுடைமையைப் பொதுவிலேயே நிறுத்துவதும் ஆகிய இம்மாற்றம் தக்கதே என்பது எம் துணிபு.

எல்லா மாற்றமும் இத்தகையனவல்ல. கணினிக் கட்டமைப்புகளை நிருவகிக்கும் டெராஃபார்ம் என்னும் மென்பொருளின் கட்டற்ற உரிமத்தை, 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் நிறுவனம் மாற்றியது. போட்டியாக அதனை வழங்கி வாணிகஞ் செய்வோர்க்குப் புதிய உரிமம் தடை விதித்தது. பிறர் உழைப்பைக் கொண்டு பொருளீட்டிக் கைம்மாறு செய்யாதாரைத் தடுத்தல் முறையன்றோ என்று சிலர் கேட்பர். அவர் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. ஆக்குவோரும் உண்டு உடுத்து வாழ்தல் வேண்டுமே! ஆயினும் எவர்க்கும் உரியது என்று கூறி ஊரார் உழைப்பைப் பெற்று, வளர்ந்தபின் கதவிற் பாதியைச் சாத்துதல் சொற்பிறழ்தலாகும். முன்னர் வெளிவந்த நிரலுக்கு முன்னை உரிமமே நிலைத்து நின்றமையின், அதனினின்று ஒரு கிளையை எடுத்து ஓபன்டோஃபு என்னும் பெயரால் ஒரு கூட்டத்தார் தனியே வளர்க்கலாயினர். ஒரு குடும்பம் இரண்டாயிற்று.

அங்ஙனமாயின் மாற்ற வேண்டுவோர் செய்யத்தக்கது யாது? விக்கிப்பீடியாவின் செயலை நோக்குக. மென்பொருட் கையேடுகட்கென அமைந்த குனு ஆவண உரிமத்தையே அது முதலில் ஏற்றிருந்தது. ஒரு பக்கத்தை அச்சிட்டு வழங்குவோரும் நீண்ட உரிமப் பத்திரம் முழுவதையும் உடன் இணைத்தல் வேண்டும் என்பது அதன் விதி. 2009 ஆம் ஆண்டில், உரிமத்தை மாற்றலாமோ என்று பங்களித்தோரிடையே வாக்கெடுத்தனர். 17,000 பேருக்கு மேல் வாக்களித்தனர். முக்கால் பங்கினர்க்குச் சற்று மிகுதியானோர் இசைந்தபின்னரே மாற்றம் நிகழ்ந்தது. 2003 இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவும் அம்மாற்றத்துள் அடங்கும். காணொளி இயக்கும் விஎல்சியின் உட்பொறியைக் குனு உரிமத்தினின்று அதனினும் நெகிழ்ந்த உரிமத்திற்கு 2011 இல் மாற்றியகாலையும், நிரல் எழுதியோரைத் தேடித் தேடி ஒப்புதல் பெற்றனர். காலம் சென்றது, நம்பிக்கை கெடவில்லை.

ஆகவே மூன்று வினாக்கட்கும் ஆம் என விடை கிடைத்தாலன்றி உரிமத்தில் கைவைத்தல் ஆகாது என்போம். பழைய உரிமம் தன் நோக்கத்திற்கே இடையூறாயிற்றோ? உழைப்பளித்தோரிடம் இசைவு கேட்டாயிற்றோ? நாளை வருவோரின் உரிமை குறையாதிருக்குமோ? சட்டம் இடந்தரினும், கேளாமல் மாற்றுதல் அறமன்று.

மாணவ நண்பர்காள்! நம்மிற் பலர் இணையத்தே தமிழ் நூல்களை மெய்ப்புப் பார்க்கின்றோம், சொற்களைத் தொகுக்கின்றோம், சிலர் நிரலும் எழுதுகின்றனர். கூலி பெறாத அவ்வுழைப்பு நாம் பொதுவிற்கு அளிக்கும் கொடை. அதனை எவ்வுரிமத்தின்கீழ் அளிக்கின்றோம், நாளை அதனை மாற்றும் உரிமை யார் கையில் உளது என்பதைப் படித்தறிந்தபின் அளிப்போமாக. சத்திரத்துக்குக் கல் சுமப்போர் அதன் கட்டளையையும் ஒருமுறை வாசித்தல் நன்றன்றோ!