கசப்புப் பூ

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். போன ஆவணி மாதம் நான் பீர் குடித்தேன். மூன்று வாய். "இந்த வயசிலே இவளுக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்கப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். நானாகப் போய்க் குடிக்கவில்லை. என் சிநேகிதி ஒருத்தி என்னைத் தூது அனுப்பினாள்.

சிநேகிதிக்கு ஒரே பெண். கெட்டிக்காரி. இங்கே ரசாயனத்தில் பட்டம் வாங்கி, மேல்படிப்புக்கு அமெரிக்கா போனவள், ஆரிகன் மாகாணத்துப் போர்ட்லண்ட் நகரில் வேலையில் அமர்ந்துவிட்டாள். "என்ன வேலை?" என்று யாராவது கேட்டால் சிநேகிதி, "ரசாயனம்... ஏதோ ஆலையிலே" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள். ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் மட்டும் சொன்னாள்: "பீர் காய்ச்சுகிறாளாம்டீ!" சொல்லிவிட்டு அழுதாள். "ஸியாட்டிலில் உன் பிள்ளை வீட்டுக்குத்தானே போகிறாய்? அங்கிருந்து காரில் மூன்று மணி நேரமாம். ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு, உள்ளதை உள்ளபடி வந்து சொல்லு. அவள் குடிக்கிறாளா என்று முக்கியமாய்ப் பார்."

அவள் அழுததன் காரணம் எனக்குத் தெரியும். நாங்கள் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். சாயங்காலம் அவளுடைய அப்பா திண்ணையில் ஏறுகிற சத்தத்தைக் கேட்டே, குழந்தைகளை எந்த அறையில் படுக்கவைப்பது என்று அவள் அம்மா தீர்மானிப்பாள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத வேண்டாம். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவர்களுக்குச் சாராயம், பிராந்தி, பீர் என்ற பேதமெல்லாம் கிடையாது. எல்லாம் ஒரே சத்தம்தான்.

போர்ட்லண்டில் புகைபோக்கியும் சங்கு ஊதுவதுமாகப் பெரிய ஆலை ஒன்றை எதிர்பார்த்துப் போனேன். காரிலிருந்து இறங்கியது ஒரு பழைய கிடங்கின் வாசலில். உள்ளே மொத்தம் ஏழு பேர். பளபளவென்று எவர்சில்வர் கொப்பரைகள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் இறுக்கக் கட்டிய துணி, கையில் குழாய் - அந்தக் கோலத்தில் ஒருத்தி தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "வாங்கோ மாமி!" என்றாளே பார்க்கலாம், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இந்த வேலையில் முக்கால்வாசி கழுவுவதுதான், மாமி. நம்மாத்துச் சமையலறை மாதிரியேதான்" என்றாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை உடைத்து, வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறார்கள். கொதிக்கிற வெந்நீர் இல்லை. 65, 67 டிகிரி. அந்தச் சூட்டில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. அப்போது எழுந்த வாசனையை நான் எங்கேயோ முகர்ந்திருக்கிறேனே என்று யோசித்தேன். குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டிக் கஞ்சி காய்ச்சுவோமே, அதே வாசனை! வடிகட்டிய சக்கை மாட்டுத் தீவனமாகப் போகிறது. தித்திப்பான அந்தக் கஞ்சித்தண்ணீரைக் கொப்பரையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்து மூடிவிட்டால் இட்லி மாவு போலப் பொங்குகிறது. அமர்ந்து தெளிந்து பீப்பாயில் ஏற இரண்டு மூன்று வாரம். 25 கிலோ மூட்டைகளை அவளே தூக்கிக் கொட்டுகிறாள். நான் வாயைத் திறக்குமுன்பே, "அம்மாவிடம் இதைச் சொல்லாதேங்கோ" என்றாள்.

விசேஷம் இனிமேல்தான். கொதிக்கும்போது ஒரு பூவைப் போடுகிறார்கள். ஹாப்ஸ் என்று பெயர். சிறு கூம்பு போல, பச்சை இதழ்கள் அடுக்கடுக்காக இருக்கும். அவள் ஒன்றைப் பிய்த்துக் காட்டினாள். இதழ்களின் அடியில் மஞ்சள் பொடி. விரலில் ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. கசப்பும் வாசனையும் அந்தப் பொடியில்தான். ஆனால் இரண்டும் சேர்ந்து வருவதில்லை. நெடுநேரம் கொதித்தால்தான் கசப்பு இறங்கும். நெடுநேரம் கொதித்தால் வாசனை பறந்துவிடும்.

"அதற்கு என்ன செய்வாய்?" என்றேன்.

"ரசத்துக்குக் கொத்தமல்லியை எப்போது போடுவேள், மாமி?"

"இறக்கும்போது."

"அவ்வளவுதான். கசப்புக்கு முதலிலேயே ஒரு பிடி. வாசனைக்கு இறக்கும்போது ஒரு பிடி. எல்லாம் பொங்கி அடங்கின பிறகு, அடுப்பே இல்லாமல், வெறுமனே ஊறப்போட இன்னொரு பங்கு. பானைத் தண்ணீரில் வெட்டிவேர் போடுகிற மாதிரி."

இவ்வளவும் கேட்ட பிறகு ருசி பார்க்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாகிவிட்டது. தூது வந்தவள் பாதிச் செய்தியோடு திரும்பலாமா? ஒரு சின்னக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். தேனை நீர்விட்டுக் கரைத்தாற்போல் நிறம், மேலே வெண்மையாக நுரை. "முதலில் முகர்ந்து பாருங்கோ" என்றாள்.

பழைய பீப்பாய் நெடி வரும் என்று மூக்கைச் சுருக்கிக்கொண்டு குனிந்தேன். வந்தது நாரத்தை இலை! சாத்துக்குடித் தோலை உரித்தால் கண்ணில் தெறிக்குமே, அந்த வாசனை. அதற்குப் பின்னால் ஊசியிலை மரத்துப் பிசின். இன்னும் பின்னால், சத்தியமாகச் சொல்கிறேன், சற்றுக் காயாக உள்ள மாம்பழம். ஆனால் அதில் பழமும் இல்லை, தோலும் இல்லை. எல்லாம் அந்தப் பூ செய்கிற ஜாலம்.

முதல் வாய் பிடிக்கவில்லை. நாக்கின் நுனியில் லேசாகத் தித்தித்தது. விழுங்கின பிறகு, போனவன் திரும்பி வந்து கதவைத் தட்டுகிற மாதிரி, தொண்டையிலிருந்து கசப்பு ஏறி வந்தது. பாகற்காயைப் போல் எடுத்தவுடன் கசப்பதில்லை. சுண்டைக்காய் வற்றலைப் போலப் பின்னால் தங்குகிறது. இரண்டாவது வாயில் அந்தத் தித்திப்பு எதற்கு என்று புரிந்தது. அது இல்லாவிட்டால் கசப்பு வெறும் மருந்து. மூன்றாவது வாயில் இரண்டும் சமாதானமாகிவிட்டன. தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். பிடித்ததா என்றால், இல்லை. ஆனால் கைப்பக்குவம் தெரிந்தவள் செய்தது என்று நாக்குக்குத் தெரிந்தது.

இன்னொரு தினுசும் முகரக் கொடுத்தாள். அதில் ஹாப்ஸ் இரட்டிப்பு. பெருங்காய டப்பா கவிழ்ந்த சாம்பார்தான், போங்கள்! அதை அவளே ஒப்புக்கொண்டாள். யார் அதிகம் கசக்க வைப்பது என்று அமெரிக்கா முழுவதும் இவர்களுக்குள் ஒரு போட்டியே நடந்ததாம்.

பலகையில் அந்தப் பானத்தின் பெயர் எழுதியிருந்தது: 'இந்தியா பேல் ஏல்'. "நம் ஊர் இங்கே எப்படி வந்தது?" என்று கேட்டேன்.

பிரயாணத்தில் கெட்டுப்போகாமல் இருப்பதற்காக, இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கென்றே ஹாப்ஸை அதிகம் போட்டுக் கண்டுபிடித்த பானம் என்று கதை சொல்வார்களாம். பாதிதான் நிஜம். 1752-ல் லண்டனின் கிழக்கே, போ என்ற இடத்தில் தொழில் தொடங்கிய ஹாட்ஜ்சன் குடும்பத்து ஆலை, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் துறைக்குப் பக்கம். கப்பல் தலைவர்கள் சொந்த வியாபாரத்துக்குச் சரக்கு ஏற்றிக்கொள்ளலாம். ஹாட்ஜ்சன் நீண்ட தவணைக்குக் கடன் கொடுத்தார். அதுதான் ரகசியம்! வெப்ப நாடுகளுக்குப் போகிற சரக்கில் ஹாப்ஸை அதிகம் போடுவது முன்பே இருந்த வழக்கம், அவர் கண்டுபிடித்ததல்ல. சிப்பாய்கள் பெரும்பாலும் குடித்தது போர்ட்டர் என்ற கறுப்புப் பீர். இந்த வெளிறிய பீர் துரைமார் மேஜைக்கு. 1820-களில் பர்ட்டன் ஊர் ஆல்ஸப் போட்டிக்கு வந்தார். முதல் மாதிரியை ஒரு தேநீர்க் கெண்டியில் காய்ச்சிப் பார்த்தார்கள் என்று சொல்வதுண்டு. அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் ஜிப்சம் அதிகம். கசப்பைத் துலக்கிக் காட்டும். 1830-களில் 'இந்தியா' என்ற பெயர் இங்கிலாந்துப் பத்திரிகை விளம்பரங்களில் ஏறிவிட்டது. நம் சென்னையில் 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸுக்கு அமெரிக்காவிலிருந்து கப்பலில் பனிக்கட்டி வந்ததே, அது துரைமாருக்குப் பானங்களைக் குளிர வைத்தது.

ஆக, பெயர்தான் இந்தியா. நான் முகர்ந்த வாசனை இந்தியாவும் இல்லை, இங்கிலாந்தும் இல்லை; ஆரிகன். அந்த மாகாணத்துக் கார்வாலிஸ் ஊரில், இங்கிலீஷ் ஹாப்ஸையும் ருஷ்ய ஹாப்ஸையும் பாட்டன் பாட்டியாகக் கொண்டு வளர்த்தெடுத்து 1972-ல் வெளியிட்டது 'காஸ்கேட்' என்ற வகை. பக்கத்து மலைத்தொடரின் பெயர் அது. 1975-ல் ஸான்பிரான்ஸிஸ்கோவில் ஆங்கர் ஆலையும், 1980-ல் சிகோவில் ஸியரா நெவாடா ஆலையும் இந்தப் பூவை எடுத்துக்கொண்ட பிறகுதான் சிறு ஆலைகளுக்குக் காலம் பிறந்தது. 1970-களின் கடைசியில் அந்த தேசம் முழுவதிலும் நூறு ஆலைகூட இல்லை. 2023-ல் ஒன்பதாயிரத்துக்கும் மேல். (வழிகாட்டிய ஆங்கர் அதே 2023-ல் கதவை மூடியது.) ஆறு மாதக் கப்பல் பிரயாணத்தைத் தாங்கியதாகப் பெயர் வாங்கிய பானம், இன்றைக்கு வாசனை போய்விடும் என்று டப்பாவில் தேதி போட்டு, சில வாரங்களில் தீர்த்துவிடச் சொல்கிறார்கள்!

மத்தியானம் ஹாப்ஸ் தோட்டத்துக்கு அழைத்துப் போனாள். அறுவடை சமயம். பதினெட்டு அடி உயரத்துக்குக் கம்பமும் கயிறும் கட்டி, வெற்றிலைக் கொடிக்கால் போலக் கொடிகள் ஏறி நிற்கின்றன. "இதில் ஆண் கொடி, பெண் கொடி தனித்தனி. இந்தக் கூம்பு பெண் கொடியில்தான் வரும். ஆண் கொடி முளைத்தால் பிடுங்கிவிடுவார்கள்" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிக்காமல் இன்னொன்று சொன்னாள்.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ஏல் காய்ச்சியது பெரும்பாலும் பெண்கள். வீட்டுக்குக் காய்ச்சி, மிஞ்சியதை வாசலில் விற்பார்கள். சில நாளில் புளித்துவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் காய்ச்ச முடியும். 15-ம் நூற்றாண்டில் ஹாப்ஸ் போட்ட பீர் கடல் கடந்து வந்தது. அது கெடாது; நிறையக் காய்ச்சலாம், தூர ஊருக்கு அனுப்பலாம். அதற்குப் பெரிய கொப்பரை வேண்டும், முதல் வேண்டும், கடன் வேண்டும். பெண்களுக்குக் கடன் யார் கொடுப்பார்கள்? 1600 வாக்கில் தொழில் ஆண்கள் கைக்குப் போய்விட்டது. இத்தனைக்கும், இந்தப் பூவின் கசப்பு பானத்தைக் கெடாமல் வைக்கும் என்று 12-ம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தவள் ஜெர்மனியில் ஹில்டகார்ட் என்ற மடத்துத் தலைவி!

எல்லாம் சரி, கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டுமே. "நீ குடிக்கிறாயா?" என்றேன்.

"ருசி பார்ப்பேன். தினமும் நாலைந்து தரம், ஒவ்வொரு மடக்கு. விழுங்கினால்தான் கசப்பு தெரியும். வேலை முடிந்து ஒரு தம்ளர். அதற்கு மேல் இல்லை." கொஞ்ச நேரம் கழித்து, "தாத்தாவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தெரியும், மாமி" என்றாள்.

நான் விடவில்லை. "நீ அளவோடு இருக்கிறாய். நீ காய்ச்சினதை வாங்கிக் குடிக்கிறவன் எப்படி வீட்டுக்குப் போகிறானோ?"

ஒரு கூம்பைக் கசக்கிக்கொண்டே நின்றாள். "அந்தக் கேள்வி எனக்கும் உண்டு" என்றாள். அதற்குப் பதில் அவளிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. ஆரிகன் 1916-லேயே மதுவை நிறுத்திப் பார்த்த மாகாணம்; அமெரிக்கா முழுவதும் 1920 முதல் 1933 வரை நிறுத்திப் பார்த்தது. நாமும் சேலத்தில் 1937-ல் தொடங்கி, 1971-ல் தளர்த்தினோம். தெருமுனைக் கடை வாசலைத் தினமும் தாண்டிப் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊர் திரும்பியதும் சிநேகிதி வீட்டுக்குப் போனேன். அவள் கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தாள். பூட்ஸ், கொப்பரை, கஞ்சி வாசனை, ரசத்துக் கொத்தமல்லி எல்லாம் சொன்னேன். தாத்தா சமாசாரத்தையும் சொன்னேன். ஆய்கிற கை ஒரு நிமிஷம் நின்றது. மூட்டை தூக்குவதையும் சொல்லித் தொலைத்துவிட்டேன். அதற்குத்தான் கண் கலங்கியது.

"நீயும் குடித்துப் பார்த்தாயா?" என்றாள் மெதுவாக.

"மூன்று வாய்."

"எப்படி இருந்தது?"

"உள்ளதைச் சொல்லச் சொன்னாயே. எனக்குப் பிடிக்கவில்லை."

சட்டென்று நிமிர்ந்தாள். "ஏன்? அவள் காய்ச்சினதிலே அப்படி என்னடீ குறை கண்டுவிட்டாய்?"

என்னுடையது பழகாத நாக்கு என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.